டிகிரி இல்லாத டாக்டர், ஒரு வெள்ளைச் சுண்டெலி... மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பிறந்த கதை!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்து ஒருவர் நைஜீரியாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசா, டிக்கெட் எல்லாம் ரெடி. ஆனாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, ஒரு மஞ்சள் அட்டை வாங்க வேண்டும். அந்த அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே நிறுத்தி 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு ஊசிதான். பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு தருகிறது. 1937-ல் அறிவிக்கப்பட்ட அதே தடுப்பூசியின் வாரிசுகளைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் போடுகிறார்கள். இதை உருவாக்கிய மேக்ஸ் டைலருக்கு 1951-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், டைலரின் வாழ்க்கையில் தடுப்பூசி இரண்டாவது அத்தியாயம்தான். அதற்கு முன்பு அவர் செய்த வேலை கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். மஞ்சள் காய்ச்சல் வைரஸ் தொற்றக்கூடிய, சின்னதாக, மலிவாகக் கிடைக்கும் ஒரு விலங்கைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். அந்த ஒரு விலங்கு கிடைக்காததால் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

விலங்கு கிடைக்காவிட்டால் என்ன பிரச்சினை?

மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸ் ரத்தக்கசிவுக் காய்ச்சல். எபோலா, லஸ்ஸா, கியாசனூர் காட்டு நோய் எல்லாம் இதே வகையில் வருபவை. காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்கள் சில நாட்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் காய்ச்சல் திரும்பி வரும். கல்லீரல் பாதித்து கண்ணும் உடம்பும் மஞ்சளாகும். வாய், மூக்கு, வயிறு என ரத்தம் கசியும். இந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் 10 நாட்களுக்குள் இறந்துவிடுவார்கள்.

ஒரு நோய்க் கிருமியைப் படிக்க வேண்டுமென்றால் அதை எங்கேயாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும். பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கலாம். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பில் அது தெரியவும் செய்யாது. எனவே மனிதனுக்கு வரும் நோய் அதேபோல வரக்கூடிய ஒரு விலங்கு வேண்டும். இதைத்தான் விஞ்ஞானிகள் 'விலங்கு மாதிரி' என்கிறார்கள். மருந்து வேலை செய்கிறதா, தடுப்பூசி பாதுகாப்பானதா என்பதை முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

மஞ்சள் காய்ச்சலுக்கு அப்படி ஒரு விலங்கும் கிடைக்கவில்லை. அதனால் 1900-ல் கியூபாவில் அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீட் குழுவினர் மனிதர்களையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். தன்னார்வலர்களுக்கு 100 டாலர், நோய் வந்தால் இன்னொரு 100 டாலர். நோயைப் பரப்புவது கொசுதான் என்பது அப்படித்தான் உறுதியானது. நம்ம ஊரில் டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசு. குழுவில் இருந்த டாக்டர் ஜெஸ்ஸி லாசியர் அந்த ஆண்டே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஆண்டு, ஹவானாவில் நடந்த இன்னொரு சோதனையில் கொசுக்கடிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த நர்ஸ் கிளாரா மாஸ் 25 வயதில் இறந்தார். அதோடு மனிதர்கள் மீதான சோதனைக்கு எதிர்ப்பு கிளம்பியது. ஆராய்ச்சி கிட்டத்தட்ட முட்டுச்சந்தில் நின்றது.

கால்நடை டாக்டரின் மகன்

மேக்ஸ் டைலர் 1899 ஜனவரி 30-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஆர்னால்ட் டைலர் சுவிட்சர்லாந்தில் இருந்து பிழைப்பு தேடிப் போன கால்நடை மருத்துவர். போன புதிதில் பண்ணை இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தவர். ஆனாலும் விடவில்லை. மாடுகளையும் குதிரைகளையும் கொன்ற நோய்களை ஆராய்ந்து, 1908-ல் ஆண்டர்ஸ்டீபோர்ட் என்ற புகழ்பெற்ற கால்நடை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். விலங்குகளைக் கவனித்தே நோயைப் புரிந்துகொள்ளும் பழக்கம் மேக்ஸ் வளர்ந்த வீட்டிலேயே இருந்தது.

மேக்ஸ் கேப் டவுனில் மருத்துவப் படிப்பை ஆரம்பித்து, 1919-ல் லண்டனுக்குப் போனார். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்து, 1922-ல் டாக்டர் தொழில் பார்ப்பதற்கான தகுதிச் சான்றிதழ் பெற்றார். வெப்பமண்டல நோய்கள் பற்றியும் ஒரு படிப்பு முடித்தார். ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் என்று ஒன்று கடைசி வரை அவர் வாங்கவில்லை. எம்.டி. கிடையாது, பிஎச்.டி.யும் கிடையாது.

கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்ப்பதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அதே 1922-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில், ஆண்ட்ரூ செல்லார்ட்ஸ் என்ற பேராசிரியரின் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார்.

தப்பான விலங்கு, தப்பான கிருமி

அந்த நேரத்தில் மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சியின் ஸ்டார் ஹிதேயோ நோகுச்சி. ஜப்பானின் 1,000 யென் நோட்டில் 20 வருடம் இடம்பிடித்தவர். 1918-ல் ஈக்வடாருக்குப் போன அவர், நோயாளிகளின் ரத்தத்தை கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கு மஞ்சள் காமாலை வந்தது. உடம்பில் சுருள் வடிவ பாக்டீரியா ஒன்றும் கிடைத்தது. இதுதான் மஞ்சள் காய்ச்சல் கிருமி என்று அறிவித்தார். அதை வைத்துத் தடுப்பூசியும் தயாரானது. மக்களுக்குப் போடவும் பட்டது.

1926-ல் செல்லார்ட்ஸும் 27 வயது டைலரும் அந்தக் கிருமியைச் சோதித்துப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே தெரிந்த லெப்டோஸ்பைரா. அதாவது, நாம் எலிக் காய்ச்சல் என்று சொல்லும் நோயின் கிருமி. ஈக்வடாரில் ரத்தம் எடுக்கப்பட்டவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் அந்த நோய்தான். இரண்டிலும் உடம்பு மஞ்சளாகும் என்பதால் குழப்பம் வந்துவிட்டது.

கினிப் பன்றிக்கு மஞ்சள் காய்ச்சலே வராது. எலிக் காய்ச்சல் எளிதாக வரும். தவறான விலங்கைத் தேர்ந்தெடுத்ததால், இருந்த நோயை விட்டுவிட்டு இன்னொரு நோயைக் கிட்டத்தட்ட 8 வருடம் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் இருந்து போன குரங்குகள்

திருப்பம் 1927-ல் நைஜீரியாவின் லாகோஸில் நடந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கே ஒரு ஆராய்ச்சிக் குழுவை வைத்திருந்தது. அந்த ஜூன் 30-ம் தேதி, இன்றைய கானாவில் அசிபி என்ற 28 வயது இளைஞருக்கு லேசான மஞ்சள் காய்ச்சல். அவர் ரத்தத்தை எடுத்து ஒரு ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினார்கள். குரங்கு இறந்தது. அதன் ரத்தத்தை இன்னொரு குரங்குக்குச் செலுத்தியபோது அதுவும் இறந்தது. கல்லீரலைப் பார்த்தால் மனிதர்களுக்கு வந்த அதே பாதிப்பு!

ரீசஸ் குரங்கு ஆப்பிரிக்கக் குரங்கே கிடையாது. இந்தியாவில் இருந்து வரவழைக்கப்பட்டது. அந்த வித்தியாசம்தான் விஷயமே. ஆப்பிரிக்கக் குரங்குகள் பல்லாயிரம் வருடங்களாக இந்த வைரஸோடு வாழ்ந்து பழகியவை. தொற்றினாலும் பெரும்பாலும் நோய் தெரியாது. ஆசியக் குரங்குகள் இந்த வைரஸைப் பார்த்ததே இல்லை. அதனால் அடியோடு சாய்ந்தன. 27 வருடத் தேடலுக்கு விடை இந்தியக் காடுகளில் இருந்து போயிருந்தது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. குழுவில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அந்த செப்டம்பரிலேயே லாகோஸில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். தன் கண்டுபிடிப்பு தவறு என்று ஏற்க மனமில்லாமல் ஆப்பிரிக்காவுக்கே போன நோகுச்சி, 1928 மே 21-ல் அக்ராவில் அதே நோயில் இறந்தார். அவரது உடலைப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வில்லியம் யங் அடுத்த சில நாட்களில் போய்ச் சேர்ந்தார். 1929-ல் பிரேசிலில் பால் லூயிஸ். நோயுள்ள குரங்கின் ரத்தம் கொஞ்சம் தோலில் பட்டாலே ஆபத்து என்ற நிலை.

குரங்கை விட்டு சுண்டெலிக்கு

1928-ல் செல்லார்ட்ஸ் செனகலின் தக்காரில் இருந்து வைரஸைப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார். உறைந்த குரங்குக் கல்லீரலுக்குள் இருந்தது அது. டைலருக்கு இப்போது வைரஸ் கையில் இருக்கிறது. குரங்குதான் பிரச்சினை. விலை அதிகம், எண்ணிக்கை குறைவு, கையாளுவது கஷ்டம். ஒரு சோதனையை ஒரு குரங்கில் மட்டும் செய்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. 10, 20 விலங்குகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் 20 குரங்குகளுக்கு எங்கே போவது?

டைலர் வெள்ளைச் சுண்டெலிகளை எடுத்தார். வழக்கம்போல உடம்பில் ஊசி போட்டால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. எனவே வைரஸை நேராக மூளைக்குள் செலுத்தினார். வெறிநாய்க்கடி ஆராய்ச்சியில் லூயி பாஸ்டர் முயல்களிடம் செய்து பார்த்த வழி அது. சுண்டெலிகள் செத்தன. அந்த மூளையை எடுத்து அடுத்த சுண்டெலிகளுக்குச் செலுத்தினால் அவையும் செத்தன. வைரஸ் பெருகுகிறது என்று அர்த்தம்.

1930-ல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. செத்த சுண்டெலிகளின் கல்லீரல் நன்றாகவே இருந்தது. மஞ்சள் காமாலை இல்லை, ரத்தக்கசிவு இல்லை. வந்தது மூளைக்காய்ச்சல். இதை எப்படி மஞ்சள் காய்ச்சல் என்று சொல்வது?

டைலரின் பதில் ஒரு சோதனைதான். மஞ்சள் காய்ச்சல் வந்து பிழைத்தவரின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும். அந்தச் சீரத்தை வைரஸோடு கலந்து சுண்டெலிக்குச் செலுத்தினால், அது சாகவில்லை. நோய் வராதவரின் சீரத்தைக் கலந்தால் செத்தது. நோயின் தோற்றம் மாறியிருக்கலாம், ஆனால் வைரஸ் அதேதான்.

இடையில் 1929-ல் டைலருக்கே ஆய்வகத்தில் மஞ்சள் காய்ச்சல் தொற்றியது. நல்லவேளை, லேசாக வந்து போய்விட்டது. அதன்பிறகு ஆயுளுக்கும் அவருக்கு அந்த நோய் வராது என்றானது.

1930-லேயே ஹார்வர்டை விட்டு, நியூயார்க்கில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

எலி வரைந்த உலக வரைபடம்

சுண்டெலிச் சோதனை இன்னொரு கதவையும் திறந்தது. யாருக்கு எப்போதோ மஞ்சள் காய்ச்சல் வந்து போயிருக்கிறது என்பதை இனி சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். 1930-களில் பல நாடுகளில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, சுண்டெலிகளில் சோதித்து, நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு வரைபடமே போட்டார்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் யாரும் நினைக்காத காட்டுப் பகுதிகளில்கூட அது இருந்தது. ஆசியாவில் அதன் தடயமே இல்லை.

இது நமக்கு நல்ல செய்தி மாதிரி தெரியும். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இங்கே அந்தக் கொசு இருக்கிறது, மக்களிடம் எதிர்ப்புச் சக்தி இல்லை. வைரஸ் மட்டும்தான் வரவில்லை. விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையைக் கறாராகக் கேட்பதன் காரணம் இதுதான்.

17டி எப்படிப் பிறந்தது?

சுண்டெலி மூளையில் வளர்ந்த வைரஸில் டைலர் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். எலியிலிருந்து எலிக்கு மாற்ற மாற்ற, குரங்கின் கல்லீரலைத் தாக்கும் சக்தி குறைந்தது. ஆனால் மூளையைத் தாக்கும் குணம் கூடியது. தக்காரில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதையே தடுப்பூசியாக்கி, ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்குப் போட்டார்கள். நோய் குறைந்தது. ஆனால் சில குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 1980-களில் அது கைவிடப்பட்டது.

டைலருக்கு அதைவிடப் பாதுகாப்பான ஒன்று வேண்டும். அசிபியின் ரத்தத்தில் இருந்து வந்த வைரஸை எடுத்துக்கொண்டார். முதலில் சுண்டெலிக் கருவின் திசுவில், பிறகு கோழிக் கருவின் திசுவில், கடைசியாக மூளையும் தண்டுவடமும் நீக்கப்பட்ட கோழிக் கருவின் திசுவில் வளர்த்தார். மூளைத் திசுவே இல்லாத இடத்தில் வளர்ந்தால் மூளையைத் தாக்கும் குணம் மறக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு குடுவையிலிருந்து அடுத்ததற்கு என மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 89-வது மாற்றத்துக்கும் 114-வது மாற்றத்துக்கும் இடையில் எங்கேயோ அது நடந்தது. குரங்கின் மூளைக்குள்ளேயே செலுத்தியும் குரங்கு சாகவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி மட்டும் வந்தது. 17-வது சோதனை வரிசையின் 'டி' பிரிவு என்பதால் 17டி என்றே பெயர் நின்றுவிட்டது.

1937-ல் டைலரும் ஹ்யூ ஸ்மித்தும் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆண்டு பிரேசிலில் மக்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். 1940 முதல் 1947 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை மட்டும் 2.8 கோடிக்கும் அதிகமான டோஸ் தயாரித்து இலவசமாகக் கொடுத்தது.

எல்லாமே சுமுகமாகப் போகவும் இல்லை. வைரஸ் கெடாமல் இருக்க மனித ரத்தச் சீரத்தைத் தடுப்பூசியில் கலந்தார்கள். அதில் ஹெபடைடிஸ் பி இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. 1942-ல் அமெரிக்க ராணுவத்தில் சுமார் 50,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதன்பிறகு சீரம் இல்லாமலே தயாரிக்கும் முறைக்கு மாறினார்கள். 17டி வைரஸ் மீது தவறில்லை. ஆனால் எந்த விலங்குச் சோதனையும் இந்த ஆபத்தை முன்கூட்டிக் காட்டவில்லை. ஹெபடைடிஸ் பி சுண்டெலிக்கும் ரீசஸ் குரங்குக்கும் வருவதில்லை.

நியூயார்க்கில் இருந்து புனே, வேலூர் வரை

1951-ல் நோபல் வந்தபோது, ஆப்பிரிக்காவில் பிறந்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் நபர் டைலர்தான். பேஸ்பால் பைத்தியம், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ரசிகர், அதிகம் பேசாத மனிதர். அந்தக் காலகட்டத்தில் ராக்பெல்லரின் நியூயார்க் வைரஸ் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். உலகின் பல மூலைகளில் இருந்த களஆய்வகங்களை அது ஒருங்கிணைத்தது.

அதில் ஒன்று, ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து 1952-ல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம். இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். வேலூர் சி.எம்.சி.யிலும் ராக்பெல்லர் உதவியோடு வைரஸ் ஆய்வு நடந்தது. 1955-ல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியர்களுக்கு வருவது முதலில் தெரியவந்தது. அந்தக் காலத்தில் எந்தப் புது வைரஸைத் தேடினாலும் முதல் வேலை, மாதிரியைச் சுண்டெலியின் மூளையில் செலுத்திப் பார்ப்பதுதான்.

1957 மார்ச்சில் கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. பக்கத்துக் கிராமத்து மக்களுக்குக் கடும் காய்ச்சல். தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் வருவதற்கு முன் குரங்குகள் இப்படித்தான் சாகும். கடைசியில் ஆசியாவுக்கும் வந்துவிட்டதா என்று விஞ்ஞானிகள் பதறிப்போனார்கள். புனே குழு மாதிரிகளைச் சுண்டெலிகளில் செலுத்தி வைரஸைப் பிரித்தெடுத்தது. அது மஞ்சள் காய்ச்சல் இல்லை. உண்ணி மூலம் பரவும் புது வைரஸ். இன்று கியாசனூர் காட்டு நோய், பேச்சுவழக்கில் குரங்குக் காய்ச்சல்.

அந்த நோய் பிற்பாடு நீலகிரி வரை எட்டிப்பார்த்திருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தெரிவதும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். காட்டுக்குள் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல், வனத்துறைக்குச் சொல்வது நல்லது.

இன்றும் தீராத சிக்கல்

டைலர் 1964-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பட்டமே வாங்காதவர் பேராசிரியர்! 1972 ஆகஸ்ட் 11-ல் நியூ ஹேவனில், 73 வயதில் இறந்தார்.

அவர் சந்தித்த அதே கேள்வியைத்தான் இன்றும் ஆய்வகங்கள் சந்திக்கின்றன. எபோலா வைரஸ் சாதாரண வளர்ந்த சுண்டெலிகளைக் கொல்வதில்லை. எலிக்கு எலி மாற்றிப் பழக்கப்படுத்திய பிறகுதான், 1998-ல் அதற்கு ஒரு சுண்டெலி மாதிரி கிடைத்தது. டெங்குவுக்கும் அதே கதை. மனிதர்களுக்கு வருவது போலவே டெங்கு வரும் சாதாரண ஆய்வக எலி கிடையாது. டெங்கு தடுப்பூசி இத்தனை தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். முதன்முதலில் உரிமம் பெற்ற டெங்கு தடுப்பூசி, டைலரின் 17டி வைரஸைச் சட்டமாக வைத்து, அதன் மேல் டெங்குவின் புரதங்களைப் பொருத்திச் செய்யப்பட்டது.

குரங்குகளின் கணக்கும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சலில் தொடங்கி போலியோ வரை, இந்திய ரீசஸ் குரங்குகள் பெரும் எண்ணிக்கையில் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. 1978-ல் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சுண்டெலியில் முடியும் என்று டைலர் காட்டியிராவிட்டால் மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டுமே இன்னும் எத்தனை குரங்குகள் போயிருக்குமோ.

மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டால் வைரஸை ஒழிக்கும் தனி மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சலைக் குறைப்பது, உடம்பில் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொள்வது, காத்திருப்பது, அவ்வளவுதான் சிகிச்சை. அதனால் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்கள் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே ஊசி போட்டுவிட வேண்டும். முட்டை அலர்ஜி, கர்ப்பம், எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். 2016 முதல் அந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும். அதில் ஏறும் ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் 1927-ல் காய்ச்சலில் படுத்திருந்த அசிபியின் ரத்தத்தில் இருந்த வைரஸின் வம்சம்தான் இருக்கிறது.